சிங்காரத்தின் வலது கை

சிங்காரம் மூக்குக்கண்ணாடியைச் சுண்டு விரலால் மேலே தள்ளிவிட்டுக்கொண்டார். மானிட்டரில் அதைப் பார்த்ததும் புனிதாவுக்கு அப்பாடா என்றிருந்தது. இத்தனை நாளாகத் தொண்டை வறளக் கத்தியும் தனேஷுக்குக் கைவராத சேட்டை அது. தலைக்கு மேலே தூக்கிய வலது கை சிங்காரத்தின் பொம்மைத் தலைக்குள் இருக்க, தரையில் சாய்த்து வைத்திருந்த மானிட்டரிலிருந்து கண்ணை எடுக்காமலே, "அதான்டா தனேஷ்! இதத்தான் சொல்லிக்கிட்டு இருந்தேன். ஒரு வழியா புடிச்சிட்ட," என்றாள்.

"எதக்கா புடிச்சிட்டேன்?"

குரல் அவளை ஒட்டி வரவில்லை, கதவுப் பக்கமிருந்து வந்தது. திரும்பிப் பார்த்தாள். தனேஷ் ஒரு விரலில் தே ஐஸ் தேநீர்ப் பொட்டலம் தொங்க, மறு கையில் கைப்பேசியைப் பார்த்தபடி அப்போதுதான் படியேறி வந்திருந்தான்.

சிங்காரத்தின் வலது கை தோளிலிருந்து காலியாகத் தொங்கியது. கையுறையின் சுண்டு விரல் மட்டும் மற்ற விரல்களைவிட்டுக் கொஞ்சம் விலகி நின்றது.

ஏர்கோன் காற்று என்று சொல்லிக்கொண்டாள். பிரிக்பீல்ட்ஸில் ஒத்திகை நடக்கிற அந்தக் கடைவீட்டு மாடிக்கு ஜன்னலே கிடையாது. வெளிச்சத்தம் வரக்கூடாது என்று எல்லாவற்றையும் பலகை அடித்து, மேலே முட்டை அட்டைகளை ஒட்டி மூடியிருந்தார்கள். மொனோரயில் போகும்போது மட்டும் தரை லேசாக அதிரும். நட்ட நடுப் பகலிலும் உள்ளே கறுப்புத் துணியும், வியர்வை ஊறிய பழைய ஸ்பாஞ்சின் வாடையும்தான். இன்று அந்த வாடைக்கு நடுவில் இன்னொன்றும் இருந்தது. ஜாதிக்காய்த் தைலம். கையைத் தூக்கித் தூக்கித் தோள்பட்டை செத்துப்போகிறது என்று நாகையா அண்ணன் பினாங்கிலிருந்து வரவழைத்துத் தேய்த்துக்கொள்கிற தைலம். அவர் இந்த மாடிக்கு வந்து மாதக்கணக்காகிறது.

'ஐந்தாம் மாடி' பத்தொன்பது வருடமாக ஓடுகிற நிகழ்ச்சி. முன்பு தொலைக்காட்சியில் ஓடியது, இப்போது யூடியூபிலும் கம்பெனி விருந்துகளிலும் தீபாவளிப் பாசார் மேடைகளிலும் ஓடுகிறது. லிஃப்ட் எப்போதும் பழுதாகிக் கிடக்கும் ஓர் அடுக்குமாடியில் ஒருவர் காலை ஒருவர் வாரிவிட்டுக்கொண்டு வாழும் பொம்மைகளின் கதை. அதில் எல்லாரையும்விடப் பெரிய பொம்மை குடியிருப்போர் சங்கச் செயலாளர் சிங்காரம். பூசணிக்காய் அளவுத் தலை, கறுப்புக் கண்ணாடி, பூப்போட்ட பாத்தேக் சட்டை, சட்டைப் பையில் மடித்து வைத்த வெள்ளைத் துணி. செராஸிலும் அம்பாங்கிலும் அவர் குரலைப் பேசிக் காட்டாத பிள்ளைகள் குறைவு.

சிங்காரத்தை ஆட்ட இரண்டு பேர் வேண்டும். தலைக்காரர் தன் வலது கையைத் தலைக்குள் விட்டு வாயை அசைப்பார், தன் இடது கையைச் சிங்காரத்தின் இடது கைக்குள் விடுவார். குரலும் அவருடையதுதான். மிச்சமிருக்கும் வலது கைக்கு இன்னொருவர், தலைக்காரரின் வலது விலாவில் அட்டையாக ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும். அவர் மூச்சு இழுத்தால் தானும் இழுக்க வேண்டும். அந்தக் கைக்கென்று சொந்தப் புத்தி கூடாது. ஒன்பது வருடம் அப்படி ஒட்டி நின்றவள் புனிதா. நிகழ்ச்சியின் கடைசியில் ஓடும் பெயர் வரிசையில் அவள் பெயர் எங்கே என்று பூதக்கண்ணாடி வைத்துத் தேட வேண்டும்.

தலைக்காரர் நாகையா. குழுவில் அவர் வைத்த சட்டம் ஒன்று உண்டு: பொம்மை கையில் இருக்கும்போது பொம்மை என்ன சொன்னாலும் யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. ஆட்டுகிறவரின் பெயரைச் சொல்லியும் கூப்பிடக் கூடாது. கேட்க நன்றாகத்தான் இருக்கும். அந்தச் சட்டத்தின் நிழலில் நின்றுகொண்டு சிங்காரம் ஒன்பது வருடமாகப் புனிதாவை வார்த்தையால் கிழித்தார். அவள் கல்யாணம் முறிந்தபோது கிழித்தார், அவள் உடம்பைச் சொல்லிக் கிழித்தார். ஒரு நாள் அவள் தயங்கித் தயங்கித் தலை ஆட்டிப் பார்க்கட்டுமா என்று கேட்டபோது, "தலை வேணும்னா மொதல்ல ஒனக்கு ஒரு தலை இருக்கணும் லா," என்றார் சிங்காரம். கேமராக்காரர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அந்த நகைச்சுவைக்குக் கைதட்ட வேண்டியது சிங்காரத்தின் வலது கை. தட்டினாள். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது, ஆனாலும் தட்டினாள்.

அப்புறம் அந்த நாள் வந்தது. சிங்காரம் லிஃப்ட் பழுதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது அவர் நாக்கு குழறியது. தாடை ஒரு பக்கமாகத் தொங்கியது. பொம்மைக்காரர்கள் ஒருவரையொருவர் பார்க்க மாட்டார்கள், மானிட்டரைத்தான் பார்ப்பார்கள். மானிட்டரில் சிங்காரம் தண்ணியடித்துவிட்டு வந்திருந்தார். யாரோ களுக்கென்று சிரித்தார்கள். புனிதா வலது கையால் அந்தத் தாடையைத் தூக்கிவிட்டாள். விழுந்தது. மறுபடி தூக்கினாள். விழுந்தது. கன்னத்தில் பளாரென்று ஒன்று வைத்தாள். சிரிப்பு வெடித்தது. முதலாளி சோலையப்பன் கேமராவுக்குப் பின்னால் நின்று விரலைச் சுழற்றிக் காட்டினார்: நிறுத்தாதே, இன்னும், இன்னும்.

நாகையாவின் உடம்பு தன் மேல் சாய்ந்ததை அவள் உணர்ந்தாள். உணரவில்லை என்று பிறகு எல்லாரிடமும் சொன்னாள், அது பொய். அரிசி மூட்டை போல அந்தக் கனம் தோளில் இறங்கியது. காலை அகட்டி ஊன்றி அதைத் தாங்கிக்கொண்டே வலது கையை ஆட்டினாள். சிங்காரத்தின் வாய் கோணலாகத் திறந்து, "புனிதா," என்றது. பத்தொன்பது வருடத்தில் சிங்காரம் தன் வலது கையைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அவள் என்ன செய்தாள்? கேமராவைப் பார்த்துச் சிங்காரத்தின் கையால் டாட்டா காட்டினாள்.

அந்தக் காணொளியைத்தான் ஊரே பார்த்தது. ஆம்புலன்ஸ் வந்த பகுதியை மட்டும் வெட்டிவிட்டார்கள்.

நாகையாவுக்குப் பக்கவாதத்தில் வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போனது. சிங்காரத்தின் தலை காலியாயிற்று. அந்த இடத்துக்குப் புனிதா வந்தாள், அவள் நின்ற வலது கைக்குத் தனேஷ் வந்தான்.

"ஞாயித்துக்கிழம மண்டபத்துல லஞ்ச் ஷோ," என்றார் சோலையப்பன், இன்றைய ஒத்திகையை எட்டிப் பார்க்க வந்தவர். "விருந்து வைக்கிற சங்கத்துக்காரங்க அந்த வீடியோவுல வந்த மயக்க பிட்டைத்தான் கேக்குறாங்க. அதே மாதிரி தாட தொங்கணும், கை தூக்கிவிடணும். செய்வியா?"

"செய்றேன் பாஸ்."

"சூடு வாங்கிட்டியா?"

புனிதா சிங்காரத்தின் சட்டையை நீவிவிட்டாள். குழுவில் ஒரு தலை கைமாறுகிறபோது பழையவர் கடைசியாக ஒரு தடவை கையை உள்ளே விட்டு எடுப்பார். அந்தச் சூடு ஆறுவதற்குள் புதியவர் தன் கையை விட வேண்டும். கொடுக்கிறவர் மனசார, தானாகவே கொடுக்க வேண்டும். படித்தவர், வியாபாரி, மூன்று கார் வைத்திருப்பவர், சோலையப்பனுக்கும் அதில் நம்பிக்கை உண்டு.

"கிள்ளான்ல நாகையா வீட்டுக்குப் போய் வாங்கிட்டு வந்துரு. வாங்காம மேடையில ஏறாத. முடியலன்னா சொல்லு, செராஸ்ல ரேடியோவுல மிமிக்ரி பண்றான் ஒருத்தன், வரேன்னு நிக்கிறான்."

ஒன்பது வருடம் நின்றது கண்ட ஒருத்தனுக்காகவா? அன்று மத்தியானமே பொம்மையைப் பெரிய பையில் போட்டுக்கொண்டு கமியூட்டர் ரயிலில் ஏறினாள். பைக்குள்ளிருந்த சிங்காரத்தின் தலை அவள் மடியில் இருந்தது. ஸ்பாஞ்சு தாடை அமுங்கிவிடாமலிருக்க, சட்டைப் பையிலிருக்கும் வெள்ளைத் துணியை நான்காக மடித்து வாய்க்குள் திணித்து வைப்பது வழக்கம். வேலை முடிந்தது என்பதற்கு அதுதான் அடையாளம், அது வலது கைக்காரியின் வேலை. புறப்படும்போதே திணித்திருந்தாள். கிள்ளானில் இறங்கிப் பையைத் திறந்து பார்த்தபோது துணி வாய்க்கு வெளியே கிடந்தது. ஈரமாக இருந்தது.

தண்ணீர் பாட்டில் ஒழுகியிருக்கும் என்று நினைத்தாள். பாட்டில் கொண்டு வந்தோமா என்று நினைத்துப் பார்க்கவில்லை.

நாகையாவின் வீடு தாமான் குடியிருப்பின் கடைசி வரிசையில் இருந்தது. முன் தகரக் கூரை வெயிலில் படபடத்தது. கூடத்திலேயே கட்டில் போட்டிருந்தார்கள். உள்ளே கருவாட்டுக் குழம்பு மணத்தது, அதற்கு அடியில் நோயாளி வாடை, அதற்கும் அடியில் ஜாதிக்காய்த் தைலம். அவர் மனைவி பவுனம்மாள் கதவைத் திறந்தாள். பல நாள் தூங்காத முகம்.

"வா புனிதா. இப்பத்தான் வழி தெரிஞ்சிச்சா?"

"வேல அண்ணி. நேரமே இல்ல."

"இருக்கும், இருக்கும். நீதான் இப்ப பெரிய ஆளுன்னு பேசிக்கிறாங்க." கட்டிலைக் காட்டினாள். "இந்தா, அதத்தான் பாத்துக்கிட்டு இருக்காரு. இத போட்டு விட்டாத்தான் சோறு எறங்குது. எப்படி சிரிக்கிறாரு பாரு."

தலையணையில் சாய்த்து வைத்த கைப்பேசியில் அந்தக் காணொளி ஓடிக்கொண்டிருந்தது. தாடை விழுந்தது, கை தூக்கியது, விழுந்தது. நாகையாவின் வாயிலிருந்து ஹ், ஹ் என்று காற்று வந்தது. கடைவாயில் எச்சில் வழிந்தது. அவர் சிரிக்கவில்லை. ஒன்பது வருடம் அவர் மூச்சை அளந்தவளுக்கு இது தெரியாதா? கைப்பேசியில் சிங்காரம் "புனிதா" என்றபோது, அவர் கண் மெதுவாகத் திரும்பி அவள் மேல் நின்றது.

"குழம்பு அடிபிடிச்சிரும், இரு வரேன்," என்று பவுனம்மாள் உள்ளே போனாள்.

புனிதா பையின் ஜிப்பை இழுத்தாள். சிங்காரத்தின் தலை வெளியே வந்ததும் நாகையாவின் இடது கை கட்டில் கம்பியை இறுக்கிப் பிடித்தது. "ம்... ம்," என்றார். தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டினார். வேண்டாம் என்றால் இதைவிட எப்படிச் சொல்வது.

அவளுக்கு இரக்கம் வந்தது. வந்த வேகத்திலேயே போய்விட்டது. தன் இடது கையைத் தலைக்குள் விட்டுச் சிங்காரத்தின் முகத்தை அவர் முகத்துக்கு நேரே கொண்டுபோய், அவர் குரலிலேயே, அச்சு அசலாக, "அடம் புடிக்காதீங்க லா நாகையா," என்றாள். "தலை வேணும்னா மொதல்ல தலை இருக்கணும். உங்களுக்கு இப்ப அது இருக்கா?"

அவர் கண்ணில் நீர் திரண்டது. புனிதாவுக்கு உள்ளே எங்கோ இனித்தது. பொம்மை சொன்னதற்குக் கோபம் கிடையாதே.

தலையணை மேல் கிடந்த அவர் வலது கையைத் தூக்கினாள். ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்த மீன் போல இருந்தது. விரல்களைக் குவித்துச் சிங்காரத்தின் கழுத்து வழியாக உள்ளே திணித்தாள். போக மறுத்தது. மணிக்கட்டைப் பிடித்துத் தள்ளினாள். முழங்கை வரை தள்ளினாள். கைப்பேசியில் கூட்டம் சிரித்துக்கொண்டிருந்தது. "வாங்கிட்டேன் அண்ணே, போதும்," என்று சொல்லி வெளியே இழுத்தாள்.

வரவில்லை.

இன்னும் பலமாக இழுத்தாள். உள்ளே ஏதோ பிடித்துக்கொண்டிருந்தது. சிங்காரத்தின் வாய் தானாக இறுக மூடியிருந்தது. கட்டில் கம்பியில் காலை உதைத்து இழுத்தபோது சொத்தென்று கை விடுபட்டுத் தலையணையில் விழுந்தது. உடனே தன் வலது கையை உள்ளே விட்டாள்.

இப்போதுதான் வடித்த சோற்றுப் பானைக்குள் விட்ட மாதிரிக் கொதித்தது. செத்த கைக்கு ஏது இவ்வளவு சூடு?

தலையணையைப் பார்த்தாள். நாகையாவின் வலது கையில் சுண்டு விரல் மட்டும் மற்ற விரல்களைவிட்டு மெல்ல விலகியது. மேலே எழும்பியது. கண்ணுக்குத் தெரியாத ஒரு கண்ணாடியை மேலே தள்ளிவிட்டு, மறுபடி படுத்துக்கொண்டது. அது அவள் கண்டுபிடித்த சேட்டை. அவர் ஒரு நாளும் செய்ததில்லை. அவருக்குப் பிடிக்கவும் பிடிக்காது.

"அண்ணி, கை... வெரல் அசையுது."

பவுனம்மாள் கரண்டியோடு எட்டிப் பார்த்தாள். "அதா? அது இனிமே அசையாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. ஊசி வச்சிக் குத்திப் பாத்தாங்க. நீ ஏன் இப்படி வேத்துப் போயிருக்க? சாப்பிட்டுப் போ."

அவள் சாப்பிடவில்லை. ஓடாத குறையாக நடந்தாள்.

அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமை வரை சிங்காரத்தின் வலது கை அவளைச் சும்மா விடவில்லை. ஒத்திகையில் அவள் தலையைத் திருப்புவதற்கு முன்பே கை திரும்பியது. அவள் வசனத்தை மறந்தால் கை தாடையைச் சொறிந்து நேரம் கடத்தியது. எல்லாம் அத்தனை கச்சிதம். தனேஷைப் பாராட்டினாள். அவன் வாயைக் கோணிக்கொண்டு, "இந்தக் கையில ஏதோ கோளாறுக்கா. உள்ள போகவே மாட்டேங்குது. யாரோ ஏற்கெனவே போட்டிருக்கிற மாதிரி இறுக்கமா இருக்கு. பாதிக் கையத்தான் விட்டு ஆட்டுறேன்," என்றான்.

"ஸ்பாஞ்சு வீங்கியிருக்கும். அதெல்லாம் போகப் போகப் பழகிரும்."

"சூடா வேற இருக்குக்கா."

"வாய மூடிக்கிட்டு வேலயப் பாரு லா," என்று சீறினாள். பயத்தில் வந்த கோபம். அது அவனுக்குத் தெரியவில்லை.

ஞாயிறு மத்தியானம் மழை கொட்டியது. மண்டபம் நிறைந்திருந்தது. முதல் பந்தி முடிந்து இலையை எடுத்துவிட்டு, ஆட்டுக்கறி மணமும் ஈரச் செருப்பு வாடையுமாக நானூறு பேர் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மேடையில் பலகைத் தட்டி, அதன் முன்னால் தரை வரை தொங்கும் கறுப்புத் துணி. துணிக்குப் பின்னால் புனிதா. காலடியில் மானிட்டர். நெற்றிப் பட்டையில் மைக். அவள் சட்டைப் பையில் கைப்பேசி அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தாள். அண்ணி என்று வந்தது. நின்றது. மறுபடியும் அண்ணி. எடுத்தால் என்ன செய்தி வரும் என்று அவளுக்கு எப்படியோ தெரிந்திருந்தது. செய்தி வந்துவிட்டால் நிகழ்ச்சியை நிறுத்த வேண்டும். இந்த ஒரு நாளுக்காகத்தான் ஒன்பது வருடம் நின்றாள். கைப்பேசியை அணைத்துத் தரையில் குப்புற வைத்தாள்.

"அக்கா, போகலக்கா. சுத்தமா போகல," என்று வலது பக்கம் தனேஷ் கையுறையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான்.

"தள்ளு. நல்லாத் தள்ளு."

"கொஞ்சம் இருங்கக்கா, பவுடர் எடுத்துட்டு..."

இசை அடித்தது. விளக்கு ஏறியது. சிங்காரம் பலகைக்கு மேலே தலையைத் தூக்கினார், நானூறு பேரும் ஓவென்று கத்தினார்கள். அந்தச் சத்தம் துணியைத் தாண்டி வந்து புனிதாவின் நெஞ்சில் மோதியது. அவளுக்கு அழுகை வந்துவிடும் போலிருந்தது. ஒருத்தருக்கும் அவள் முகம் தெரியாது, ஆனாலும் அந்தக் கத்தல் அவளுக்குத்தான். மானிட்டரில் சிங்காரத்தின் வலது கை எழுந்து, சுண்டு விரலால் கண்ணாடியைத் தள்ளிவிட்டது. கையை மாட்டிவிட்டான் பயல் என்று நினைத்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. மானிட்டரைவிட்டுக் கண்ணை எடுக்கக் கூடாது என்பதுதானே பழக்கம்.

லிஃப்ட் பழுது, சங்கச் சந்தா, மாடிப்படியில் காயப்போட்ட பாவாடை. ஒவ்வொன்றுக்கும் சிரிப்பு அலையாக வந்தது. வலது பக்கம் தோளில் தோள் உரசியது. அவள் மூச்சு இழுத்தபோது பக்கத்திலும் மூச்சு இழுபட்டது. அவள் விட்டபோது அதுவும் விட்டது. தனேஷ் ஒருநாளும் இப்படி மூச்சை ஒட்டி நின்றதில்லை. நல்லது, கற்றுக்கொண்டான்.

கனம் கொஞ்சம் கூடியது.

"சாயாதடா," என்று மைக்கில் விழாதபடி உதட்டுக்குள்ளேயே முணுமுணுத்தாள்.

இன்னும் கூடியது. கனம் தோளிலிருந்து விலாவுக்கு இறங்கியது. அரிசி மூட்டை. காலை அகட்டி ஊன்றினாள். துணிக்குள் காற்றே இல்லை, அந்தப் புழுக்கத்தில் எங்கிருந்தோ ஜாதிக்காய்த் தைலம் குப்பென்று அடித்தது. தலைக்குள் இருந்த அவள் கை கொதித்தது. பிறகு கொதிக்கவில்லை. பிறகு கை இருப்பதே தெரியவில்லை.

மானிட்டரில் சிங்காரத்தின் தாடை ஒரு பக்கமாகத் தொங்கியது.

மயக்க பிட் இன்னும் வரவில்லை. அதற்கு இன்னும் ஒரு பாட்டு இருக்கிறது. அவள் எதுவும் செய்யவில்லை.

முன்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

வலது கை மெல்ல எழுந்து தாடையைத் தூக்கிவிட்டது. விழுந்தது. தூக்கியது. விழுந்தது. பளார். மண்டபம் வெடித்தது. அந்த அறை புனிதாவின் கன்னத்தில் எரிந்தது. எரிந்தது ஒரு கணம்தான், அப்புறம் வலது கன்னமும் இல்லாமல் போயிற்று. வாயோரம் சூடாக ஏதோ வழிந்து மோவாய்க்கு இறங்கியது. துடைக்க நினைத்தாள். எந்தக் கையால்?

"தனேஷ்," என்றாள். "தனேஷ், என்னால..."

சிங்காரத்தின் வாயில் அது குழறலாக வந்தது. தண்ணியடித்த குழறல். ஜனங்கள் மேசையைத் தட்டிச் சிரித்தார்கள். ஒரு குழந்தை கீச்சிட்டது.

முழங்கால் மடங்கியது. ஆனால் அவள் விழவில்லை. வலது பக்கம் அவளைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தது, விழவிடாமல், ஆட்டம் கெடாமல். காதோரம் மூச்சு. ஹ். ஹ்.

"அண்ணே," என்றாள்.

சிங்காரம், "அண்ணே," என்றார்.

வலது கை கூட்டத்தைப் பார்த்து டாட்டா காட்டியது.

சிரிப்பு. சிரிப்பு. நாற்காலிகள் உரசும் சத்தம். அவளுக்குக் கண்ணை மட்டும் அசைக்க முடிந்தது. மானிட்டரிலிருந்து அதைப் பிய்த்து எடுத்து இடது பக்கம் பார்த்தாள். மேடையோரம், ஒலிப்பெட்டிக்குப் பக்கத்தில், கக்கத்தில் பவுடர் டப்பாவோடு தனேஷ் நின்றிருந்தான். கீழே இருந்த இன்னொரு மானிட்டரைப் பார்த்துக் கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தான். அவன் இரண்டு கைகளும் தட்டிக்கொண்டிருந்தன.

கத்தினாள். தன் சொந்தக் குரலில் கத்தினாள். பொம்மை கத்தியது. பொம்மை என்ன சொன்னாலும் யாரும் கோபித்துக்கொள்ளவில்லை.

வலது கை சட்டைப் பைக்குள் போனது. வெள்ளைத் துணியை எடுத்தது. அவசரமே இல்லை. பலகை மேல் விரித்து, நீவிவிட்டு, நான்காக மடித்தது. கோணல் வாயை இரண்டு விரலால் அகட்டி, துணியை உள்ளே வைத்தது. புனிதாவின் நாக்கில் பருத்தி தட்டியது. பருத்தியும் தைலமும். இன்னும் உள்ளே தள்ளியது. இன்னும். தொண்டை அடைத்தது. மண்டபம் எழுந்து நின்று தட்டியது.

கை விலகவில்லை. சுண்டு விரலால் கண்ணாடியைச் சரி செய்தது, தொங்கிய தாடையை உள்ளங்கையில் ஏந்தித் தூக்கிப் பிடித்துக்கொண்டது. திரையோரத்தில் சோலையப்பன் வாயெல்லாம் பல்லாக நின்று விரலைச் சுழற்றிக் காட்டினார். நிறுத்தாதே. இன்னும். இன்னும்.